நண்டு முத்திரை

நவம்பர் 6

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டவர்கள் கிடையாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அம்மாவுக்கு அதுவும் மெதுவாகத்தான் வரும். நான் எம்.ஏ. முடித்ததையே சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதில் நாட்குறிப்பு வேறு. ஆனால் இன்று ஒன்றைப் படித்துவிட்டேன். அதை யாரிடமாவது சொல்லப் போனால் என் குரல் பாதியில் நின்றுவிடும். தாளில் நிற்காது.

தரங்கம்பாடியில் நான் வேலை பார்க்கும் ஆவண மையத்தில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதில் அறுபத்து மூன்று டேனிஷ் கடிதங்கள். இருநூறு வருடங்களுக்கு முன் கோபன்ஹேகனில் அரண்மனைக்கு வெள்ளிப் பாத்திரங்கள் செய்து கொடுத்த ஸ்கோவ்பி பட்டறையிலிருந்து, இங்கே கோட்டையில் எழுத்தராக இருந்த தம்பிக்கு ஓர் அக்கா எழுதியவை. அவற்றைப் படிப்பதற்காகவே மூன்று வருடம் டேனிஷ் கற்றேன். கைபேசியிலும் ஓர் உடைந்த அகராதியிலும் கற்றேன். அந்த அக்காவின் கையெழுத்தில் 'n' போல இருப்பது 'e' என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது. முழுவதையும் தமிழாக்கிவிட்டேன். டென்மார்க்கின் அறக்கட்டளை ஒன்று அதைப் பட்டறையின் வரலாறாகப் புத்தகம் போடுகிறது.

இன்று மையத்தின் பொது மின்னஞ்சலைத் திறந்தேன். அறக்கட்டளையின் பிர்கிட்டே அம்மையார் போன வாரம் கேட்டிருக்கிறார்: இந்தக் கடிதங்களைப் படித்தவர் யார்? அவர் இங்கே வந்து, பட்டறையின் ஆவண அறையில் ஒரு வருடம் இருந்து படிக்க இடம் தர விரும்புகிறோம்.

எங்கள் இயக்குநர் பரஞ்சோதி சார் பதில் அனுப்பியிருக்கிறார்: படித்தது நான்தான். தட்டச்சு செய்ய ஒரு பெண் இருக்கிறாள்.

இரண்டு முறை படித்தேன். பிறகு யாரும் திறக்காததுபோல் அதைத் திரும்பக் குறித்துவைத்தேன். உள்ளே போய், டீ வந்திருக்கிறது என்று சாரிடம் சொன்னேன்.

நவம்பர் 7

மழை. இருபத்தோராம் கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். ஒரு பிழையும் இல்லை.

நவம்பர் 10

அலுவலகத்தில் மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து அன்னாவின் கடிதங்களையே மறுபடி படித்தேன். அன்னா ஸ்கோவ்பி என்பது அந்த அக்காவின் பெயர்.

அவள் கணவர் பேதர் ஸ்கோவ்பிக்கு 1811இல் அரண்மனைப் பொற்கொல்லர் பட்டம் கிடைத்தது. எட்டு வருடத்தில் இறந்துபோனார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது: கணவர் இறந்தால் விதவை பட்டறையை நடத்தலாம், ஆனால் பாத்திரத்தில் அவருடைய முத்திரையைத்தான் அடிக்க வேண்டும். அன்னா பத்தொன்பது வருடம் நடத்தினாள். எட்டு ஆட்கள், மூன்று உலைகள். தரையைக் கூட்டிய குப்பையை எரித்து, அதிலிருந்து உதிரி வெள்ளியை எடுத்திருக்கிறார்கள். சேலத்தில் அப்பா வேலை செய்யும் கொலுசுப் பட்டறையிலும் குப்பையைக் கொட்ட மாட்டார்கள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது: அரண்மனையிலிருந்து ஆர்டர் வந்துகொண்டே இருந்தது, ஆனால் பத்தொன்பது வருடமும் 'திருவாளர் பேதர் ஸ்கோவ்பி அவர்களுக்கு' என்றே வந்தது. ஒரு பெண்ணின் பெயரை எழுதுவதைவிடச் செத்தவருக்குக் கடிதம் போடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

மாலையில் மின்சாரம் வந்தது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். சார் எல்லோரையும் அறிமுகப்படுத்தினார். என்னிடம் வந்ததும், "நம்ம டைப்பிஸ்ட் பாப்பா. அப்பா கொலுசுக்குச் சலங்கை ஒட்டுறவரு. இப்ப இது வார்த்தைக்கு வார்த்தை ஒட்டுது" என்றார். அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்த வாய் மறுபடி மூடுவதற்கு வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

நவம்பர் 16

ஒரு கூஜா வந்தது.

கொண்டுவந்தவர் கிருபாவதி டீச்சர். இந்த ஊர்ப் பள்ளியில் முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். அவர்கள் வீட்டில் ஐந்து தலைமுறையாக இருக்கும் வெள்ளிக் கூஜா அது. மூடி, வளைந்த மூக்கு, கைப்பிடியில் எலும்பு வளையம். அவருடைய முன்னோர் ஞானமுத்து ஆசாரி கோட்டையில் வெள்ளி வேலை பார்த்தவராம். கூஜா எப்படி அவரிடம் வந்தது என்று யாருக்கும் தெரியாது. புத்தக வெளியீட்டின்போது கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டார்.

சார் கவிழ்த்துப் பார்த்தார். விளக்கித் தேய்த்து அடிப்பக்கம் மழுங்கியிருந்தது. ஒரே ஒரு முத்திரைதான் தெளிவாகத் தெரிந்தது. சிறிய வட்டத்துக்குள் ஒரு நண்டு.

"இது என்ன பாப்பா, நண்டு?" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 17

அடிப்பக்கத்தைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டார்.

"கண்ணு, நண்டு எனக்குத் தெரியலே. ஆனா பக்கத்துல நெளிநெளியா ஒரு கீறல் இருக்குது பாரு, அது உளியில சுரண்டினது. டச் பாக்க எடுத்திருக்கானுங்க. செஞ்சவன் தன் சரக்கை இப்பிடிக் கீற மாட்டான். கெவர்மெண்டு ஆளு எவனோ எடுத்தது." வெள்ளியின் தரம் சோதிப்பதை எங்கள் ஊரில் டச் பார்ப்பது என்போம். "எதுக்குக் கேக்குற?"

சும்மாதான் என்றேன். சாப்பிட்டியா என்றார். சாப்பிட்டேன் என்றேன். டப்பா திறக்காமலே இருந்தது.

நவம்பர் 23

சாருக்கு ஒரு கொள்கை பிறந்துவிட்டது. நண்டு என்றால் கடக ராசி. அப்படியானால் கூஜாவைச் செய்தவர் ஞானமுத்து ஆசாரியேதான். தனக்கு வேண்டியவர்களின் ராசியை முத்திரையாக அடித்திருக்கிறார். இதே வடிவக் கூஜாக்களை ஸ்கோவ்பி பட்டறையும் செய்திருக்கிறது. ஆகவே தரங்கம்பாடி ஆசாரியைப் பார்த்துத்தான் டென்மார்க் அரண்மனைப் பட்டறை காப்பி அடித்திருக்கிறது. புத்தகத்தின் முதல் அத்தியாயமே இனி இதுதான்.

எங்கள் காவலாளி கலியபெருமாள் அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் போனதும் உள்ளே வந்தார். "கடகம்னா ஆடி மாசம்தானே? ஆடியில எவன் பாப்பா புதுசா வெள்ளிப் பாத்திரம் செய்வான்? எங்கப்பா கைலி எடுக்கக்கூட விட மாட்டாரு."

அலுவலக உதவியாளர் ரெஜினா அக்கா கணினியிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "அந்த ஆசாரி ஞாயித்துக்கிழமை தவறாம கோயிலுக்குப் போன வேதக்காரரு. அவருக்கு எதுக்கு ராசி? அப்பவே பேப்பர்ல ராசிபலன் வந்துச்சா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். காவலாளிக்கும் தெரிகிறது, உதவியாளருக்கும் தெரிகிறது, முனைவருக்குத் தெரியவில்லை. எனக்கு உள்ளே ஏதோ இனித்தது. அடுத்த கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

நவம்பர் 24

ஒன்றும் சொல்லவில்லை என்று 16ஆம் தேதியில் எழுதியிருக்கிறேன். ஒரு வாக்கியம் சொன்னேன்.

"கடகம் சார். எங்க ஊர்ப் பட்டறையில ராசி பாத்துதான் முத்திரை அடிப்பாங்க."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்தது.

நவம்பர் 28

அது வாயில் வந்தது இல்லை. எழுதத் தொடங்கியபிறகு பொய் எழுதுவதில் அர்த்தமில்லை. நண்டு என்னவென்று அவர் கேட்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும்.

நாற்பத்தொன்றாம் கடிதம், 1829 ஜூலை. தம்பிக்கு அன்னா ஒரு கூஜா அனுப்புகிறாள். "அடியில் நண்டைப் பார்த்துப் பயப்படாதே. நகரத்துச் சோதனை அதிகாரி மாதாமாதம் சூரியன் நிற்கும் ராசியின் முத்திரையை மாற்றி அடிப்பார், நீதான் எல்லாவற்றையும் மறந்துவிடுவாயே" என்று எழுதுகிறாள். சோதனைக்குச் சுரண்டிய கீறல் அசிங்கமாக இருக்கிறது என்று திட்டுகிறாள். அதற்குக் கீழேதான் இது வருகிறது: "அரண்மனைக்குப் போகும் ஒவ்வொரு பாத்திரத்திலும் பேதரின் முத்திரையைத் தலைகீழாக அடிக்கிறேன். பத்து வருடமாக அடிக்கிறேன். ராஜாவின் மேஜையில் தலைகீழாக இருக்கிறது, ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. உன் கூஜாவில் மட்டும் நேராக அடித்திருக்கிறேன். அது நான் விருப்பப்பட்டுச் செய்தது."

அறுபத்து மூன்றில் எனக்கு மிகவும் பிடித்த கடிதம் இது. பேதரின் முத்திரை கூஜாவில் தேய்ந்துவிட்டது. கடிதத்தில் தேயவில்லை.

இன்று நாற்பதுக்கு அடுத்து நாற்பத்திரண்டைத் தட்டச்சு செய்தேன். நடுவில் அடைப்புக்குறிக்குள் எழுதினேன்: நாற்பத்தொன்றாம் கடிதம் ஈரத்தில் சிதைந்துள்ளது, படிக்க இயலவில்லை.

டிசம்பர் 5

கிருபாவதி டீச்சர் வீட்டில் மதியச் சாப்பாடு. கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், போகாமல் இருக்க முடியவில்லை. சங்கரா மீன் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல். தனியாக இருக்கிறார். என் பாதி வயதில் ஒரு மகள் இருந்து இறந்துவிட்டாள் என்று நடுவில் ஒருமுறை சொன்னார், அதற்கு மேல் பேசவில்லை.

சார் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டீச்சர் முகத்தில் வயதே தெரியவில்லை. "அந்தக் காலத்துல எங்க ஆளுங்கள கோயில்ல பின்னாடிதான் உக்கார வைப்பாங்களாம். ராஜாவோட பட்டறையே எங்க தாத்தாவப் பாத்துக் காப்பியடிச்சிருக்குன்னா, யோசிச்சுப் பாரு" என்றார். திருச்சியிலிருந்து தம்பி குடும்பத்தையும் கொழுந்தனார் மக்களையும் வெளியீட்டுக்கு அழைத்திருக்கிறார். பட்டுப்புடவை எடுத்துவைத்திருக்கிறார். சாம்பல் நிறம், மெரூன் கரை.

நல்ல புடவை என்றேன். இரண்டாம் முறை குழம்பு ஊற்றினார். சாப்பிட்டேன்.

டிசம்பர் 6

யாரும் காயப்படாமல் ஒருவரை மட்டும் அடிக்க முடியுமா என்று யோசித்தேன். முடியாது. ஆனால் அவர் என்னை அடித்தபோது அப்படி யாரும் யோசிக்கவில்லை.

டிசம்பர் 19

கண்ணாடிப் பெட்டிக்குத் துணி வாங்கினேன். கருநீல வெல்வெட். கூஜாவை அதில் வைத்துப் பார்த்தால் நண்டு தெரியவில்லை. கீழே ஒரு சிறிய கண்ணாடி வைக்கலாம் சார், முத்திரை பிரதிபலிக்கும் என்றேன். பிரமாதம் பாப்பா என்றார்.

ஜனவரி 9

அச்சுப் பிரதி வந்தது. 'ஸ்கோவ்பி: ஓர் அரண்மனைப் பட்டறையும் தரங்கம்பாடி ஆசாரியும். டேனிஷ் மூலத்திலிருந்து தமிழில்: முனைவர் க. பரஞ்சோதி.' நன்றியுரையில் ஏழாவது வரியில் நான்: தட்டச்சு உதவி, செல்வி கோகிலவாணி.

சார் கேட்டார்: "எல்லாத்தையும் ஒருதரம் பாத்துட்டியா? அந்த அம்மா டென்மார்க்லேர்ந்து வருது. ஒரு தப்பும் இருக்கக்கூடாது. மானம் போயிரும்."

இதுதான் கடைசி வாய்ப்பு என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. "பாத்துட்டேன் சார்" என்றேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சிவப்பு மையில் 'சரி' என்று எழுதிக் கொடுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு சரி. கடைசிப் பக்கத்துக்கு வரும்போது கை வலித்தது.

ஜனவரி 17

பொங்கல் விடுமுறை முடிந்து வந்தேன். அம்மா அதிரசம் கொடுத்துவிட்டாள். சாருக்கும் ஒரு டப்பா வைத்தேன். ருசியாக இருக்கிறது, அம்மாவிடம் சொல் என்றார். சொல்லவில்லை.

ஜனவரி 22

பிர்கிட்டே அம்மையார் வந்துவிட்டார். எழுபது வயது இருக்கும். உயரம், கழுத்தில் ஒரு சிவப்புத் துணி, கைவிரலில் மெல்லிய வெள்ளி வளையம். முப்பது வருடம் அந்தப் பட்டறையின் ஆவண அறையைப் பார்த்துக்கொண்டவர். காரிலிருந்து இறங்கியதும் சாரிடம் டேனிஷில் ஏதோ கேட்டார். பயணம் நன்றாக இருந்தது, உங்கள் மழை ஓய்ந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறார். சார் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், எனக்குப் படிக்கத்தான் வரும், பேச வராது என்றார். அம்மையார் தலையசைத்தார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

மழை ஓய்ந்து மூன்று வாரம் ஆகிறது.

ஜனவரி 23

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தரை மணி, மையத்தின் முன்கூடம். எண்பது நாற்காலிகள் நிறைந்துவிட்டன. முதல் வரிசையில் கிருபாவதி டீச்சர், அந்தச் சாம்பல் நிறப் பட்டில், இரண்டு பக்கமும் திருச்சிக்காரர்கள். டீச்சரின் தம்பி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, இதோ பார் உன் கொள்ளுத்தாத்தா செய்தது என்று கூஜாவைக் காட்டிக்கொண்டிருந்தார்.

சார் இருபது நிமிடம் பேசினார். திரையில் நண்டு பெரிதாக வந்தது. கடகம், ஞானமுத்து, தமிழனின் கைத்திறன் என்றார். கைதட்டல் ஓயவில்லை. டீச்சர் எழுந்து கும்பிட்டார்.

பிர்கிட்டே அம்மையாருக்கு ஒரு பேராசிரியர் காதோரம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மையாரின் முறை வந்தது. கூஜாவைக் கையில் எடுக்கலாமா என்று கேட்டார். வெள்ளைக் கையுறை நான்தான் கொடுத்தேன். திருப்பினார். முகம் மலர்ந்தது. அவர் அதை ஒரு விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. சிரித்தபடியே சொன்னார்: "ஜூலை. அல்லது ஜூன் கடைசி."

கூடத்தில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சாரும் சிரித்தார்.

அவர் மெதுவாக விளக்கினார். கோபன்ஹேகனில் எல்லா வெள்ளிக்கும் சோதனை அதிகாரி மாத முத்திரை அடிப்பார். பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு ராசி. இது நண்டு மாதம். இதோ சுரண்டிச் சோதித்த கீறல். இந்தப் பாத்திரம் எங்கள் ஊரில் செய்தது. பேராசிரியர் அதைத் தமிழில் சொன்னார். தமிழில் சொன்ன பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். நான் டீச்சரைப் பார்க்கக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பார்த்துவிட்டேன். அவர் முந்தானையை இழுத்து மடியில் இருந்த புத்தகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

ஒலிவாங்கியைப் பிடித்த சாரின் கை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. இதற்காகத்தான் இரண்டரை மாதம் காத்திருந்தேன். அது இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவர் என்னைக் கண்டுபிடித்தார்.

"இதோ நிக்கிறாங்களே, கோகிலவாணி. முழுக்க முழுக்க இவங்கதான் படிச்சது. மூணு வருஷமா. அறுபத்து மூணு லெட்டரும். எனக்கு டேனிஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது. இந்த நண்டு ராசின்னு சொன்னதும் இவங்கதான். புரூஃப்ல ஒவ்வொரு பக்கமும் சரின்னு எழுதிக் குடுத்ததும் இவங்கதான். கேட்டுப் பாருங்க."

எண்பது தலைகள் திரும்பின. மூன்று வருடமாக அவர் வாயிலிருந்து நான் கேட்க விரும்பிய சொற்கள் அவை. பெயர், எண்ணிக்கை, வருடம் எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிர்கிட்டே அம்மையார் என் பக்கம் வந்தார். டேனிஷில், தாழ்ந்த குரலில் கேட்டார்: நீதானா?

நான்தான் என்று டேனிஷில் சொன்னேன். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த மொழியை ஒரு மனிதரிடம் பேசினேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நாற்பத்தொன்று சிதைந்துள்ளது என்ற குறிப்பைப் பேராசிரியர் அவருக்கு ஏற்கெனவே படித்துச் சொல்லியிருக்கிறார். அன்னாவின் மையும் தாளும் அம்மையாருக்குத் தெரியும், அறுபத்திரண்டு நன்றாக இருக்கும்போது ஒன்று மட்டும் எப்படிச் சிதையும் என்றார். நாற்பத்தொன்றாம் கடிதத்தை நான் பார்க்கலாமா என்று கேட்டார்.

தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

ஜனவரி 24

விடுப்பு. தலைவலி என்று சொன்னேன். தலைவலிதான்.

ஜனவரி 25

நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியின் வாசலுக்கே சார் வந்துவிட்டார். வரவேற்பறையில் உட்கார்ந்தோம். விடுதி வார்டன் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நடந்தது நடந்துபோச்சும்மா" என்றார். பாப்பா என்று சொல்லவில்லை. "அட்டையை மாத்திரலாம். ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் ரெண்டுமே நீதான்னு போட்டுரலாம். நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல? நீ உழைச்சிருக்க. என் பேரு எதுக்கு அதுல? அந்த அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். கோபன்ஹேகன் சீட்டுக்கும் உன்னையே எழுதிக் குடுத்துர்றேன். நீ ஒண்ணே ஒண்ணு செய். பிழைக்கு முழுப் பொறுப்பும் என்னோடதுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு."

முதல் அத்தியாயம் நீங்கள் எழுதியது அல்லவா என்று கேட்டேன். கேட்டது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"ரெண்டு பேரும் சேந்துதானே எழுதினோம்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 28

டீச்சர் வீட்டுக்குப் போனேன். வெளிக்கதவுக்கு உள்ளே அவர், வெளியே நான். உள்ளே வா என்று சொல்லவில்லை. திருச்சிக்காரர்கள் அன்று மதியமே கிளம்பிவிட்டார்களாம், சாப்பிடக்கூட இல்லையாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். மின்னஞ்சல், நண்டு, கடிதம், சிவப்பு மை. சாரைப் பழிவாங்கத்தான் செய்தேன், உங்களை இல்லை என்றேன். அவர் என்னை முடிக்கவிட்டார். கணக்குப் பாடம் எடுத்தவர், நடுவில் குறுக்கிட மாட்டார்.

"அவருக்குத் தெரியாது. தெரியாம என்னை மேடையில ஏத்தினாரு" என்றார். "உனக்குத் தெரியும். தெரிஞ்சே என் வீட்டுல உக்காந்து ரெண்டாந்தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்ட."

கதவைச் சாத்தவில்லை. உள்ளே போய்விட்டார். சாத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. திறந்திருந்த கதவின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது?

ஜனவரி 30

நாற்பத்தொன்றை வெளியே எடுத்தேன். இத்தனை நாளும் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. ஒரு வரி விடாமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன். தலைகீழ் முத்திரை வரும் இடத்தில் பேனா நின்றுவிட்டது. பத்து வருடம் ராஜா வீட்டை ஏமாற்றிய பெண், அதைச் சொல்வதற்கு ஒரே ஒரு கடிதத்தைத்தான் நம்பினாள். அவளுடைய வாயை நான் பொத்தினேன். சாரை அடிப்பதற்கு எனக்குக் கிடைத்த கல் அதுதான் என்று எடுத்தேன், அவளைப் பார்க்கவில்லை.

இருந்தாலும் அவர் ஒலிவாங்கியைப் பிடித்த அந்தக் கையை நினைத்தால் இன்னும் இனிக்கிறது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

பிப்ரவரி 1

பிர்கிட்டே அம்மையார் புதுச்சேரியில் தங்கியிருக்கிறார், நாளை மறுநாள் சென்னையிலிருந்து விமானம் ஏறுகிறார். ரெஜினா அக்கா இன்று மாலை புதுச்சேரி போகிறார், அவர் கையில் உறையைக் கொடுத்துவிட்டேன். "என்னடி, லவ் லெட்டரா இவ்வளவு கனமா இருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். டேனிஷில் எழுதிய கடிதம். அதன் தமிழை இங்கே வைத்துக்கொள்கிறேன்.

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

நாற்பத்தொன்றாம் கடிதம் சிதையவில்லை. மூலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அது எப்போதும் நன்றாகத்தான் இருந்தது. படிக்க இயலவில்லை என்று எழுதியது நான். நண்டு என்ன என்று எனக்கு முன்பே தெரியும். இயக்குநரிடம் தெரிந்தே தவறாகச் சொன்னேன். அச்சுப் பிரதியில் தெரிந்தே சரி என்று எழுதினேன். உங்கள் கேள்விக்கு அவர் அளித்த பதிலை மின்னஞ்சலில் பார்த்த அன்றே இது தொடங்கியது. ஆனால் அது எனக்கான காரணம், கிருபாவதி அம்மாவுக்கான காரணம் அல்ல. அன்னாவுக்கான காரணமும் அல்ல.

முதல் அத்தியாயத்தின் கொள்கை அவருடையது. வாக்கியங்கள் அவருடையவை. அதை நான் எழுதவில்லை, தடுக்கவும் இல்லை.

கோபன்ஹேகனில் அந்த ஒரு வருட இடத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை மறைத்தவளை ஆவண அறைக்குள் விடலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு அங்கே வர வேண்டும் என்று இருக்கிறது. அதை மறைக்கவில்லை.

அடுத்த பதிப்பில் நாற்பத்தொன்றாம் கடிதத்தைச் சேருங்கள். அதன் கீழே, மறைத்தவளும் மொழிபெயர்த்தவளும் கோகிலவாணி என்று போடுங்கள். என் பெயர் அந்த ஒரு பக்கத்தில் இருந்தால் போதும்.

முதல் வரியிலேயே கேட்க நினைத்தது ஒன்று உண்டு. இவ்வளவும் எழுதிய பிறகுதான் அதைக் கேட்கும் துணிவு வந்தது. இயக்குநர் இப்போது தன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொல்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். அட்டையில் அவர் பெயர் அப்படியே இருக்கட்டும்.